மக்காச்சோள ரொட்டி: தானியம் வந்தது, பக்குவம் வந்ததா?

மார்கழி பிறந்தால் தில்லியில் தெருவெல்லாம் கடுகுக்கீரை வாசம்தான். அதற்குத் துணை, ஓரம் வெடித்து மஞ்சளாக இருக்கும் மக்காச்சோள ரொட்டி. பஞ்சாபியர் பெருமையோடு சொல்லும் இந்த 'மக்கி ரொட்டி' கரோல்பாக், ஆர்.கே.புரம், மயூர் விகார் என்று நம் தமிழ்க் குடும்பங்கள் வாழும் இடங்களிலும் நுழைந்து வெகுகாலம் ஆயிற்று. பஞ்சாபின் பரம்பரை உணவு என்று எல்லோரும் சொல்கிறோம். அந்தப் பரம்பரைக்கு வயது எத்தனை? தானியம் எங்கிருந்து வந்தது? வரும்போது எதைக் கொண்டுவந்தது, எதை விட்டுவிட்டு வந்தது? ஊர் விட்டு ஊர் வந்த நமக்கு இந்தக் கேள்விகள் வெறும் சமையற்கட்டுக் கேள்விகள் இல்லை என்பது என் எண்ணம்.

நான் கல்லூரியில் வரலாறு படித்தவன் அல்லன். வந்தவாசிப் பக்கத்துச் சமணக் குடும்பத்தில் பிறந்து, பிழைப்புக்காகத் தில்லி வந்து, தானிய வியாபாரத்திலேயே நாற்பது ஆண்டுகள் கழித்தவன். மூட்டையைப் பிரித்துக் கையில் அள்ளிப் பார்க்கும் பழக்கத்தில் நூல்களையும் அப்படியே பிரித்துப் பார்க்கத் தொடங்கினேன். அந்தப் பழக்கத்தில் கிடைத்ததை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

பெயர் சொல்லும் சேதி

புதுப் பயிர் ஒன்று ஊருக்குள் வந்தால் மக்கள் அதற்குப் பழைய பயிரின் பெயரையே ஓர் அடைமொழி சேர்த்துச் சூட்டுவார்கள். நாம் 'மக்காச்சோளம்' என்கிறோம். தெலுங்கர் 'மொக்க ஜொன்ன' என்கிறார்கள். ஜொன்ன என்றால் சோளம். கன்னடத்தில் 'முசுகின ஜோள', அதாவது முக்காடு போட்ட சோளம். கதிரை மூடியிருக்கும் மடலைப் பார்த்து வைத்த அழகான பெயர். நமக்குத் தெரிந்த சோளம் முன்பே இருந்தது, இது பின்னால் வந்தது என்பதை மூன்று மொழிகளும் ஒரே குரலில் சொல்லிவிடுகின்றன. 'மக்கா' என்பது மெக்கா நகரைக் குறிக்கும், அந்த வழியாக வந்த தானியம் என்று மக்கள் நினைத்ததால் வந்த பெயர் என்று கருதுவோர் உண்டு. இத்தாலியர் இதையே 'துருக்கித் தானியம்' என்று அழைத்தார்கள். எங்கிருந்து வந்தது என்று சரியாகத் தெரியாத சரக்குக்குத் தொலைவில் உள்ள ஓர் ஊரின் பெயரை ஒட்டிவிடுவது உலக வழக்கம். எங்கள் கடைத்தெருவிலும் இன்றும் அப்படித்தான்.

உண்மையான பிறந்தகம் மெக்சிகோ. அந்நாட்டின் தென்மேற்கே பால்சாஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கில், தியோசிந்தே என்ற காட்டுப் புல்லிலிருந்து ஏறத்தாழ 9,000 ஆண்டுகளுக்கு முன் உழவர்கள் பொறுக்கிப் பொறுக்கி வளர்த்தெடுத்த பயிர் இது. 1492-இல் கொலம்பஸ் அமெரிக்கத் தீவுகளில் கால் வைத்தபின்தான் பிற கண்டங்களுக்குப் புறப்பட்டது. 1498-இல் போர்த்துக்கீசியர் கோழிக்கோட்டுக்கு வந்தார்கள்; 1510-இல் கோவாவைப் பிடித்தார்கள். மிளகாயைப் போல இதுவும் அந்தக் கப்பல் காலத்து வரவு. அக்பர் காலத்து 'ஐன்-இ-அக்பரி' பயிர்களுக்கு வரி விகிதம் சொல்லும் பட்டியலில் மக்கா இல்லை. 17-ஆம் நூற்றாண்டில் கிழக்கு ராஜஸ்தான் வருவாய்க் கணக்குகளில் வந்துவிடுகிறது. ஆகவே, வடநாட்டில் இந்த ரொட்டியின் பரம்பரைக்கு மிஞ்சிப்போனால் நானூறு வயது என்று வைத்துக்கொள்ளலாம்.

சோமநாதபுரத்துச் சிற்பம்

இங்கே ஒரு தடை எழும். மைசூருக்கு அருகே சோமநாதபுரத்தில் 13-ஆம் நூற்றாண்டு ஹொய்சளர் கோயில் இருக்கிறது. அங்குள்ள சிற்பங்களின் கையில் மக்காச்சோளக் கதிர் போன்ற ஒன்று, மணிமணியாக வரிசை கட்டி நிற்கும். 1989-இல் ஜோஹானசன், பார்க்கர் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள், இது மக்காச்சோளமேதான், கொலம்பஸுக்கு முன்பே இந்தியாவில் இருந்திருக்கிறது என்று எழுதினார்கள். நம்மவர்களுக்குக் கேட்கவா வேண்டும்? மகிழ்ச்சியோடு எடுத்துக்கொண்டார்கள்.

இதற்கு மறுப்பு நம் தில்லியிலிருந்தே போயிற்று. பூசா வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த பயக், சச்சான் இருவரும் 1993-இல், அது 'முக்தாபலம்' என்னும் முத்துப் பதித்த கற்பனைக் கனி, மக்காச்சோளம் அன்று என்று எழுதினார்கள். எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. நம் பழந்தமிழ் நூல்களில் நெல், தினை, வரகு, எள், கொள் எல்லாம் வயலோடும் உலையோடும் வருகின்றன. இவ்வளவு உயரமாக வளர்ந்து இவ்வளவு பெரிய கதிர் விடும் ஒரு பயிர் மட்டும் புலவர் கண்ணில் படாமல், கல்தச்சர் கண்ணில் மட்டும் பட்டிருக்குமா? ஹொய்சள நாட்டில் எங்கள் சமணப் பசதிகளும் நிறைய உண்டு. அந்தப் பெருமையில் எனக்கும் பங்கு உண்டு. அதற்காகக் கனியைக் கதிராக்க முடியாது.

சுண்ணாம்பு விட்டுப்போன கதை

இனிச் சொல்லப்போவதுதான் முக்கியம். மெக்சிகோ மக்கள் இந்தத் தானியத்தை அப்படியே அரைத்துத் தின்னவில்லை. சுண்ணாம்பு கலந்த நீரில் வேகவைத்து, இரவு முழுக்க ஊறவைத்து, மறுநாள் தோல் நீக்கிக் கழுவி, அம்மியில் அரைத்து, ரொட்டியாகத் தட்டிக் கல்லில் சுட்டார்கள். இந்தப் பக்குவத்துக்கு நிஷ்டமால் என்று பெயர். அவர்கள் மொழியில் நெஷ்ட்லி என்றால் சாம்பல், தமல்லி என்றால் மாவுப் பண்டம். 'தமல்லி' என்றதும் 'ஆஹா, தமிழ்!' என்று துள்ளவேண்டாம். ஓசை ஒத்துப்போவது வரலாறு ஆகாது.

சுண்ணாம்பு என்ன செய்தது? மக்காச்சோளத்தில் உள்ள நியாசின் என்ற உயிர்ச்சத்து நம் உடம்பு எடுத்துக்கொள்ள முடியாதபடி கட்டுண்டு கிடக்கிறது. சுண்ணாம்பு நீர் அந்தக் கட்டை அவிழ்க்கிறது. ஐரோப்பியர் விதையை மட்டும் கொண்டுபோனார்கள், பக்குவத்தை விட்டுவிட்டார்கள். அதன் விலையைக் கொடுத்தவர்கள் ஏழைகள். 1735-இல் ஸ்பெயின் மருத்துவர் காஸ்பர் காசல், மக்காச்சோளமே கதி என்று வாழ்ந்த குடியானவர்களிடம் தோல் சிவந்து வெடிக்கும் ஒரு நோயைக் கண்டார். வட இத்தாலியில் அதற்குப் பெல்லாக்ரா, அதாவது 'கரடுதட்டிய தோல்' என்று பெயர் வந்தது. தோலில் தொடங்கும்; வயிற்றுப்போக்கு வரும்; புத்தி பேதலிக்கும்; கடைசியில் சாவு. 20-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் மட்டும் ஒரு லட்சம் பேர் அளவில் இறந்ததாக மதிப்பிடுகிறார்கள். இது தொற்றுநோய் இல்லை, சாப்பாட்டுக் குறையே என்று 1915 வாக்கில் டாக்டர் கோல்ட்பெர்கர் நிலைநாட்டினார். குறைவது நியாசின் என்று 1937-இல் எல்வெஜம் கண்டுபிடித்தார்.

நம் நாட்டில் இதே நோய் ஹைதராபாத் வட்டாரத்தில், சாதாரணச் சோளத்தையே முக்கிய உணவாகக் கொண்ட ஏழைகளிடம் காணப்பட்டது. அதை ஆராய்ந்தவர் சேலத்தில் பிறந்த டாக்டர் சி. கோபாலன். 1960-இல் அவரும் ஸ்ரீகாந்தியாவும், சோளத்தில் மிகுந்துள்ள லூசின் என்ற அமினோ அமிலம் காரணமாக இருக்கலாம் என்று எழுதினார்கள். அது பற்றி விவாதம் நீண்டது. ஆனாலும் ஒரே தானியத்தை நம்பி வாழவேண்டிய வறுமைதான் இந்நோயின் வேர் என்பதில் ஐயமில்லை. கோபாலன் பிற்காலத்தில் தில்லியில் இருந்து ஊட்டச்சத்துப் பணி செய்தவர் என்பது நாம் நினைவில் கொள்ளவேண்டிய செய்தி.

பஞ்சாபும் மேவாரும் கண்ட துணை

அப்படியானால் பஞ்சாபியர் எப்படித் தப்பினார்கள்? அவர்களுக்கும் சுண்ணாம்புப் பக்குவம் தெரியாதே! அவர்கள் தட்டைப் பாருங்கள். கீரை, அதன் மேல் வெண்ணெய், பக்கத்தில் ஒரு பெரிய டம்ளர் மோர். பாலின் புரதத்தில் உள்ள டிரிப்டோபான் என்ற பொருளிலிருந்து உடம்பே நியாசினைச் செய்துகொள்ளும். மக்கா அவர்களுக்குக் குளிர்கால உணவு. மற்ற மாதங்களில் கோதுமை. ராஜஸ்தானில் உதய்ப்பூர் பக்கம், மேவாரில், மக்காவே முக்கிய உணவு. அங்கும் மோரில் காய்ச்சிய கூழும் பருப்பும் கூடவே வரும். பழைய பக்குவம் கிடைக்காத இடத்தில் புதுத் துணையைத் தேடிக்கொண்டார்கள். மாடு இல்லாத, பருப்பு வாங்க முடியாத வீட்டுக்கு இந்தத் துணை கிடைக்காது என்பதையும் மறக்கக் கூடாது.

வீட்டில் செய்யும் முறை

முதலில் மாவு. கடையில் 'கார்ன் ஃப்ளவர்' என்று வெள்ளையாக வருவது வெறும் ஸ்டார்ச். அதில் ரொட்டி வராது. 'மக்கி கா ஆட்டா' என்று கேட்டு, சற்றுக் கொரகொரப்பாக, மஞ்சளாக உள்ளதை வாங்கவேண்டும். முழுதாக அரைத்த மாவில் முளையின் எண்ணெய் இருப்பதால் சீக்கிரம் காறிப்போகும். எங்கள் திகம்பர வழக்கில் மாவுக்குக் கெடு உண்டு: குளிரில் 7 நாள், கோடையில் 5 நாள், மழைக்காலத்தில் 3 நாள். உயிர்க்கொலை தவிர்க்க வைத்த விதி. மக்கா மாவின் ருசிக்கும் அதுவே நல்ல கணக்கு. மாவை முகர்ந்து பாருங்கள். கசப்பு வாடை வந்தால் வேண்டாம்.

இந்த மாவில் கோதுமையின் இழுவை கிடையாது. அதனால் பச்சைத் தண்ணீரில் பிசைந்தால் உடையும். இரண்டு டம்ளர் மாவில் உப்பு, ஓமம், பொடியாக நறுக்கிய வெந்தயக்கீரை சேர்த்து, கொதிக்கும் நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கரண்டியால் கிளறி, மூடிவைக்கவேண்டும். கை பொறுக்கும் சூடு வந்ததும் உள்ளங்கையின் அடிப்பாகத்தால் ஐந்தாறு நிமிடம் தேய்த்துப் பிசைந்தால் மாவு வெண்ணெய் மாதிரி ஆகும். மொத்தமாகப் பிசைந்து வைக்காமல் இரண்டிரண்டு ரொட்டிக்குப் பிசைவது நல்லது. பஞ்சாபிப் பெண்கள் ஈரக் கையிலேயே தட்டிவிடுவார்கள். நமக்கு அந்தக் கை வராவிட்டால் என்ன? போளி தட்டும் வாழையிலை இருக்கிறதே! நெய் தடவிய இலையில் தட்டி, காய்ந்த தோசைக்கல்லில் இலையோடு கவிழ்த்து, ஒரு நிமிடம் கழித்து இலையை உரித்தால் ரொட்டி முழுசாக நிற்கும். மிதமான தீயில் இருபுறமும் புள்ளி விழச் சுடவும். எங்கள் வீட்டில் முள்ளங்கி, வெங்காயம், பூண்டு சேர்ப்பதில்லை. பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடித்துவிடுவோம்.

இன்னொன்று நம் பாணி. மக்கா ரவை ஒரு டம்ளர், பச்சரிசி அரை, துவரம்பருப்பும் கடலைப்பருப்பும் சேர்ந்து அரை. மூன்று மணி நேரம் ஊறவைத்து, மிளகு, சீரகம், பெருங்காயத்தோடு கொரகொரவென்று அரைத்து அடை வார்க்கலாம். தானியத்தில் குறையும் லைசினைப் பருப்பு ஈடு செய்யும். பருப்போடு காய்ச்சாத மோர் சேர்ப்பதை எங்கள் மரபு விலக்கும். ஆகவே அடைக்கு வெல்லமும் நெய்யும், வெறும் மக்கா ரொட்டிக்கு மோர் என்று பிரித்துக்கொள்வோம்.

அடை நமக்குப் புதிதல்ல. மதுரைக்காஞ்சியிலேயே தேன்கூட்டுக்கு ஒப்பிட்டுச் சொல்லப்பட்ட மெல்லிய அடை வருகிறது. தானியம் மாறியிருக்கிறது, கல்லில் தட்டிச் சுடும் கை மாறவில்லை.

நமக்கு என்ன சேதி

என் பேத்தி ஒருநாள் தட்டைப் பார்த்து, "தாத்தா, இது பஞ்சாபியா, நம்மளதா?" என்று கேட்டாள். "நாம சரியா செய்யக் கத்துக்கிட்டா நம்மளதுதாம்மா" என்றேன். தமிழ்நாட்டில் இன்று பல மாவட்டங்களில் மக்காச்சோளம் விளைகிறது. பெரும்பாலும் கோழித் தீவனத்துக்குப் போகிறது. மனிதர் தட்டில் அதை நமக்குக் காட்டியது தில்லிதான். அதற்கு நன்றி சொல்வோம்.

ஆனால் எனக்கு ஒரு கவலை உண்டு. விதையைக் கொண்டுபோய் பக்குவத்தை விட்ட ஐரோப்பியர் நிலை நமக்கும் வரலாம். ஊரிலிருந்து அரிசி வருகிறது, அப்பளம் வருகிறது, பொட்டலத்தில் அடை மாவும் வருகிறது. பருப்பை ஏன் இத்தனை மணி நேரம் ஊறவைக்கிறோம், எதற்கு எது துணை, எந்த மாதத்தில் எதை விலக்குகிறோம் என்ற அறிவு எந்தப் பொட்டலத்திலும் வருவதில்லை. அது நம் வீட்டுப் பாட்டிமார், மாமிமார் கையில் இருக்கிறது. அவர்களைக் கேட்டு, அளவோடும் காரணத்தோடும் ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். தமிழில் எழுதினால் இன்னும் நல்லது. பிள்ளைகளுக்கு அதுவே பாடப்புத்தகமும் ஆகும்.