நான்கு தோட்டா, இரண்டு விநாடி

1987இல் எங்கள் தெரு டீக்கடையில் ‘போஃபர்ஸ்’ என்பது வசைச்சொல் ஆகிவிட்டது. அந்த ஸ்வீடன் கம்பெனி நமக்குப் பீரங்கி விற்க லஞ்சம் கொடுத்தது என்று ஏப்ரலில் ஸ்வீடன் வானொலி செய்தி வெளியிட்டதிலிருந்து, வாங்கிய கடனைத் திருப்பித் தராதவனைக்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். நான் கடற்படையிலிருந்து ஓய்வு பெற்றுத் தூத்துக்குடிக்கு வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. “அண்ணாச்சி, நீங்க போஃபர்ஸ்லதான வேலை பாத்தீய, உங்க பங்கு எவ்வளவு?” என்று கடைக்காரர் தினமும் கேட்பார். அது தரையில் இழுத்துப்போகிற 155 மி.மீ. பீரங்கி, நான் வேலை பார்த்தது கப்பலில் இருந்த 40 மி.மீ. விமான எதிர்ப்புத் துப்பாக்கி, கம்பெனிதான் ஒன்று என்று விளக்கிப் பார்த்தேன். யார் கேட்டார்கள்?

என் துப்பாக்கி அதைவிட அரை நூற்றாண்டு மூத்தது. 1930களின் தொடக்கத்தில் ஸ்வீடனில் கார்ல்ஸ்கூகா என்ற ஊரில் உருவானது. நான் ஏறிய விமானந்தாங்கிக் கப்பல் விக்ராந்த் 1961இல் கடற்படையில் சேர்ந்தபோது அதையே தாங்கி வந்தது. நான் அதில் லோடர். தோட்டா போடுகிறவன், அவ்வளவுதான்.

லோடர் வேலையைக் கணக்காகச் சொன்னால்தான் புரியும். ஒரு தோட்டா இரண்டு கிலோவுக்கு மேல் இருக்கும். நான்கு தோட்டாக்களை ஒரு கிளிப்பில் கோத்திருப்பார்கள், ஏறக்குறைய 9 கிலோ. துப்பாக்கி நிமிடத்துக்கு 120 சுடும். அதாவது ஒரு கிளிப் இரண்டே விநாடியில் காலி. இரண்டு விநாடிக்கு ஒருமுறை 9 கிலோ இரும்பை நெஞ்சுயரத்துக்குத் தூக்கி, மேலே இருக்கும் வாயில் நேராக இறக்க வேண்டும். கப்பல் ஒரு பக்கம் சாயும். காலி உறைகள் குழலுக்கு அடியில் முன்பக்கமாகக் கலகலவென்று கொட்டும். கிளிப் கொஞ்சம் கோணினால் அடைத்துக்கொள்ளும். அடைத்துக்கொண்டால் துப்பாக்கி வெறும் குழாய். எனக்கு இன்றைக்கும் வலது காது மந்தம். பேரப்பிள்ளைகள் ரகசியம் பேச அந்தப் பக்கத்தில்தான் உட்காருவார்கள்.

பயிற்சிக்கு ஒரு விமானம் நீளமான கம்பியில் துணிப்பை ஒன்றைக் கட்டி இழுத்துக்கொண்டு போகும். அதைத்தான் சுட வேண்டும். முதல் நாள் முப்பது கிளிப்புக்கு மேல் போட்டோம். வானமெல்லாம் சிவப்புப் பொறி. பையை இறக்கிப் பார்த்தால் ஒரு ஓட்டை இல்லை, துவைத்துக் காயப்போட்டதுபோல் வந்தது. எனக்கு அவமானமாக இருந்தது. பயிற்சி கொடுத்த பெட்டி ஆபீசர் அலட்டிக்கொள்ளவே இல்லை. துணிக்குப் பயம் கிடையாது, விமானத்துக்குள் இருக்கிறவனுக்கு உண்டு, நாம் சுடுவது அவனை என்றார். சமாதானத்துக்குச் சொல்கிறார் என்று அன்று நினைத்தேன்.

அவர் சொன்னதற்குக் கணக்கு இருந்ததை ஓய்வுக்குப் பிறகு படித்துத்தான் தெரிந்துகொண்டேன். இரண்டாம் உலகப்போரில் பிரிட்டன் தன் வணிகக் கப்பல்களுக்கு விமான எதிர்ப்புத் துப்பாக்கிகளைக் கொடுத்தது. துப்பாக்கியும் ஆளும் கொஞ்சமாக இருந்த காலம். மத்தியதரைக் கடலில் நடந்த தாக்குதல்களை எண்ணிப் பார்த்தார்கள். தாக்க வந்த விமானங்களில் 4 சதவீதம்தான் விழுந்திருந்தது. இதற்கா இவ்வளவு செலவு, கழற்றி வேறு இடத்தில் வைக்கலாமே என்று பேச்சு எழுந்தது. பிறகு யாரோ கேள்வியையே மாற்றிப் போட்டார்கள்: விமானத்தை விடு, கப்பல் என்ன ஆயிற்று? துப்பாக்கி சுட்ட கப்பல்களில் மூழ்கியது 10 சதவீதம். சுடாத கப்பல்களில் 25. குண்டு போட வருகிறவன் கடைசிச் சில விநாடிகள் நேர்கோட்டில் பறந்தாக வேண்டும். எதிரே நெருப்புக்கோடு வந்தால் கை ஒரு மயிரிழை நடுங்கும், அல்லது கொஞ்சம் முன்னாடியே போட்டுவிட்டுத் திரும்புவான். கப்பலுக்கு அது போதும்.

அந்தக் கப்பல்களுக்குப் பெரும்பாலும் கிடைத்தது ஓர்லிகான், 20 மி.மீ. எங்கள் போஃபர்ஸுக்குத் தம்பி என்பார்கள், ஆனால் வம்சம் வேறு. முதல் உலகப்போரில் பெக்கர் என்ற ஜெர்மானியர் செய்த துப்பாக்கி, போருக்குப் பின் ஜெர்மனியில் ஆயுதம் செய்யத் தடை வந்ததால் சுவிட்சர்லாந்துக்குக் குடிபெயர்ந்து, சூரிச்சை ஒட்டிய ஓர்லிகான் தொழிற்சாலையில் வளர்ந்தது. பிரிட்டிஷ் கடற்படை இதை வாங்க வேண்டும் என்று விடாமல் மன்றாடியவர்களில் ஒருவர் மவுண்ட்பேட்டன். நமக்குக் கடைசி வைஸ்ராயாக வந்தாரே, அவரேதான். 1940இல் பிரான்ஸ் விழுந்ததும் சுவிட்சர்லாந்திலிருந்து சரக்கு வரும் வழி அடைபட்டது. பிரிட்டன் சொந்தமாகச் செய்ய ஆரம்பித்தது. மின்சாரம் வேண்டாம், எண்ணெய் அழுத்தம் வேண்டாம். டெக்கில் நாலு போல்ட் போட்டு நிறுத்தினால் போதும். சுடுகிறவன் தோள்களைத் தாங்கிக்குள் கொடுத்து, இடுப்பில் வார் கட்டி, உடம்போடு சேர்த்துத் துப்பாக்கியைச் சுழற்றுவான். 60 தோட்டா உள்ள டிரம் எட்டு விநாடியில் தீரும்.

போஃபர்ஸ் அமெரிக்காவுக்குப் போன கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். 1940இல் ஒரு டச்சுப் போர்க்கப்பல் அதை அமெரிக்கர்களுக்குச் சுட்டுக் காட்டியது. ஸ்வீடனிலிருந்து வரைபடம் வாங்கி கிரைஸ்லர் கார் கம்பெனியிடம் கொடுத்தார்கள். எல்லாம் மில்லிமீட்டர் கணக்கு, வரைந்த முறையும் வேறு. அதைவிட மோசம், பல பாகங்களில் பொருத்தும்போது அரம் போட்டு ராவிச் சரிசெய்துகொள்ளவும் என்கிற மாதிரிக் குறிப்பு. கைத்தொழிலாளி ஒவ்வொரு துப்பாக்கியையும் பிள்ளையைப்போல் சீவிச் சிங்காரித்த காலத்துப் பழக்கம். ஓடும் பெல்ட்டில் நிற்கிறவனுக்கு அரம் ஏது, நேரம் ஏது? எல்லாவற்றையும் அங்குலத்தில் புதிதாக வரைந்தார்கள். கடைசியில் கிரைஸ்லர் மட்டும் சுமார் 60,000 துப்பாக்கிகள் செய்து தள்ளியது. தம்பி லேத் பட்டறை வைத்திருந்ததால் அரம் போடுகிறவன் பக்கம்தான் என் மனம் சாயும். ஆனால் போரில் ஜெயித்தது பெல்ட்.

துப்பாக்கி போதாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு நாம் ரொம்ப தூரம் போக வேண்டாம். 1942 ஏப்ரல் 9, மட்டக்களப்புக்கு எதிரே. திருகோணமலையைத் தாக்க ஜப்பானிய விமானங்கள் வருவது தெரிந்து, முந்தின இரவே துறைமுகத்தை விட்டுத் தெற்கே போயிருந்தது பிரிட்டனின் ஹெர்மிஸ். விமானந்தாங்கியாகவே வடிவமைத்துக் கட்டத் தொடங்கிய முதல் கப்பல் அது. அன்று அதில் ஒரு விமானம்கூட இல்லை. திரும்பி வரும் வழியில் ஜப்பானியர் கண்டுபிடித்துவிட்டார்கள். வானத்திலிருந்து செங்குத்தாகப் பாயும் குண்டுவீச்சு விமானங்கள் அலை அலையாக வந்தன. கையில் இருந்த கொஞ்சம் துப்பாக்கிகளை வைத்துக்கொண்டு எத்தனை பேருடைய கையை நடுங்க வைக்க முடியும்? சில நிமிடங்களில் முடிந்தது. 307 பேர் இறந்தார்கள். கூடப் போன ஆஸ்திரேலியக் கப்பல் வேம்பயரும் மூழ்கியது. பக்கத்தில் வந்த வீட்டா என்ற மருத்துவக் கப்பல் சுமார் 600 பேரைத் தூக்கியது. ஹெர்மிஸ் இன்றும் அங்கே 50 மீட்டர் ஆழத்துக்குக் கீழே கிடக்கிறது.

அந்தப் பெயரைப் பிறகு வேறொரு கப்பலுக்கு வைத்தார்கள். அந்த இரண்டாவது ஹெர்மிஸ் 1982இல் ஃபாக்லாந்துப் போரில் முதன்மைக் கப்பலாக நின்றது. அங்கும் பிரிட்டிஷ் கப்பல்களில் பழைய போஃபர்ஸும் ஓர்லிகானும் இருந்தன. ஏவுகணைக்கும் துப்பாக்கிக்கும் தப்ப அர்ஜெண்டினா விமானிகள் அலையைத் தொடுகிற மாதிரித் தாழப் பறந்தார்கள். அத்தனை தாழ்விலிருந்து போட்ட குண்டுகள் பல, உள்ளே இருக்கும் விசை திறக்க நேரம் போதாமல் வெடிக்கவே இல்லை. எங்கள் பெட்டி ஆபீசர் கேட்டிருந்தால் மீசையைத் தடவிக்கொண்டிருப்பார். அந்த ஹெர்மிஸைத்தான் நாம் வாங்கி 1987 மே மாதம் விராட் என்று பெயர் சூட்டினோம். டீக்கடையில் போஃபர்ஸ் அடிபட்ட அதே வேனல். விராட்டைப் பற்றி யாரும் பேசவில்லை.

பெட்டி ஆபீசருடைய சூத்திரம் பொய்த்த இடமும் ஒன்று உண்டு. 1944 அக்டோபர், பிலிப்பைன்ஸ் கடல். ஜப்பானிய விமானிகள் குண்டோடு விமானத்தையே கப்பலில் மோத ஆரம்பித்தார்கள். சாகத்தான் வருகிறான், அவன் கை எதற்கு நடுங்கும்? விமானி செத்த பிறகும் விமானம் வந்துகொண்டே இருந்தது. ஓர்லிகானின் குண்டு 120 கிராம் சொச்சம். அது விமானத்தில் ஓட்டை போடும், உடைத்துப் போடாது. 20 மி.மீ. சத்தம் கேட்டால் தரையோடு படுத்துக்கொள், எதிரி அவ்வளவு கிட்டே வந்துவிட்டான் என்று அமெரிக்க மாலுமிகளுக்குள் ஒரு கசப்பான வேடிக்கை இருந்தது. இடம் கிடைத்த இடத்திலெல்லாம் நாலு குழல் போஃபர்ஸை ஏற்றினார்கள். அதுவும் போதவில்லை. இலக்குக்குக் கிட்டே போனதும் தானாக வெடிக்கும் ரேடியோ ஃபியூஸ் 40 மி.மீ. குண்டுக்குள் அன்று அடங்காது. அதனால் 3 அங்குலத் தானியங்கித் துப்பாக்கிக்குத் தாவினார்கள். அது தயாராவதற்குள் போரே முடிந்துவிட்டது.

1971 டிசம்பரில், பாகிஸ்தானுடன் போர் நடந்தபோது, விக்ராந்த் வங்காள விரிகுடாவில் இருந்தது. ஒரு பாய்லர் பழுது, மீதி மூன்றில் ஓடினோம். எங்கள் விமானங்கள் காக்ஸ் பஜாரையும் சிட்டகாங்கையும் தாக்கிவிட்டு வந்து இறங்கும். நாங்கள் இரவும் பகலும் துப்பாக்கியடியில் கிளிப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஒரு எதிரி விமானமும் கண்ணில் படவில்லை. சாப்பாடு அங்கேயே வரும். சப்பாத்தியில் கிரீஸ் வாசனை அடிக்கும்.

குறிபார்க்கும் வட்டத்தில் விமானத்தை நடுவில் வைக்கக் கூடாது, முதல் பாடமே அதுதான். ஆயிரம் மீட்டர் தள்ளி 360 கி.மீ. வேகத்தில் குறுக்கே போகிற விமானத்தைக் குண்டு எட்டச் சுமார் ஒன்றரை விநாடி ஆகும். அதற்குள் அது 150 மீட்டர் போயிருக்கும். ஆகவே வெறும் வானத்தைப் பார்த்துச் சுட வேண்டும். எங்கள் ஊர் வாகைக்குளம் விமான நிலையத்தில் சாயங்கால சென்னை விமானம் இறங்கும்போது பேரன் கை நீட்டிக் காட்டுவான். நான் பார்ப்பது அதற்கு முன்னால் இருக்கிற காலி இடத்தை. “தாத்தா, அங்க இல்ல, இங்க” என்று என் தாடையைப் பிடித்துத் திருப்புவான்.