பெயர் பொறித்த படைக்கலங்கள்

திருகோணமலையில் பிரெட்றிக் கோட்டையின் வாயிலைக் கடப்போர், அதன் கற்களிலே பாண்டியரின் இணைக்கயல் பொறிக்கப்பட்டிருப்பதைக் காணலாம். பழைய கோணேசர் ஆலயத்தை 1620களில் இடித்த போர்த்துக்கேயர், அதன் கற்களைக் கொண்டே அங்குக் கோட்டை எழுப்பினர். கோயிற்கல் கோட்டைச் சுவராயிற்று. ஆயினும், பொறித்த அடையாளம் அழியாமையால், அக்கல் யாருடையதாயிருந்தது என்பதை இன்றும் நாம் அறிய முடிகின்றது. கல்லுக்குப் பொருந்தும் இவ்வுண்மை படைக்கலங்களுக்கும் பொருந்தும்.

இத்துறைமுகத்தைக் காத்த பீரங்கிகளும் பல கொடிகளின்கீழ் முழங்கியவையே. 1639இல் கண்டியரசனின் துணையோடு ஒல்லாந்தர் கோட்டையைக் கைப்பற்றினர். 1782ஆம் ஆண்டு சனவரியில் ஆங்கிலேயரும், அதே ஆண்டு ஆகத்தில் பிரெஞ்சுத் தளபதி சுப்ரேனும் அதனைப் பிடித்தனர். 1795இல் அது மீண்டும் ஆங்கிலேயர் வசமாயிற்று. தோற்றவரின் பீரங்கி வென்றவரின் உடைமையாதல் போர் வழக்கம். அதன் பிறப்பையோ, குழலிற் பொறித்த குறிகளே சொல்லும். ஒல்லாந்தக் கம்பனியின் பீரங்கிகளில் வி, ஓ, சி என்னும் மூன்றெழுத்துகளைப் பின்னிய முத்திரை இருக்கும். ஆங்கிலப் பீரங்கிகளில் அரச முடியும் அரசனின் பெயரெழுத்தும் காணப்படும். அவற்றின்மேல் வெட்டப்பட்ட மூன்று எண்கள் முறையே அந்தர், கால் அந்தர், இறாத்தல் என எடையைக் குறிப்பன. இக்குறிகளை வாசிக்கத் தெரிந்தவருக்குத் துருவேறிய இரும்பும் ஓர் ஏடாகும்.

அரசின் முத்திரையினும் தனி மனிதரின் பெயர் பொறித்த படைக்கலத்தையே சேகரிப்போர் பெரிதும் விரும்புவர். அமெரிக்காவிலே 1860இல் ஹென்றி என்பார் உரிமைபெற்ற துவக்கு, விசையின்கீழ் உள்ள நெம்புகோலை இயக்கியவுடன் அடுத்த தோட்டாவைக் குழலுக்குள் ஏற்றுவது. அதன் வழிவந்ததே புகழ்பெற்ற வின்செஸ்டர் துவக்கு. ஹென்றி துவக்குகளில் ஆறாம் எண்ணுடையது, பொன் பூச்சும் சித்திர வேலைப்பாடும் செய்யப்பெற்று, ஆபிரகாம் லிங்கனின் பெயர் பொறித்து அவருக்கு அன்பளிப்பாக அளிக்கப்பட்டது. அது வாசிங்டனிலுள்ள சிமித்சோனியன் நூதனசாலையைச் சேர்ந்தது. கொல்லும் கருவியாய் வடிக்கப்பட்ட ஒன்று, பெயர் ஏறியதும் மரியாதைச் சின்னமாகிவிடுகின்றது.

இத்தகைய மரபு ஈழத்துக்குப் புதிதன்று. துவக்குச் செய்யும் தொழிலில் இந்நாட்டுக் கொல்லர் தேர்ந்திருந்ததைப் போர்த்துக்கேயரே வியந்து குறித்துள்ளனர். கண்டி நாட்டுத் துவக்குகளிலே வெள்ளியும் பித்தளையும் தந்தமும் பதித்துக் கொடிக்கோலங்கள் இழைத்தனர். இக்கலையின் சிகரம் என்று கூறத்தக்கது லெவுகே திசாவையின் பீரங்கி. அளவிற் சிறிய அந்த வெண்கலப் பீரங்கியைப் பொன், வெள்ளி, மாணிக்கம் ஆகியவற்றால் அணிசெய்து, சூரியன், பிறை, சிங்கம் ஆகிய அரச சின்னங்களைப் பொறித்து, ஏறத்தாழ 1745இல் அவர் கண்டியரசனுக்குக் காணிக்கையாக்கினார். அதிலுள்ள சிங்கள எழுத்துகள் அதனை அளித்தவரை நினைவூட்டுவன.

அந்தப் பீரங்கியின் கதை திருகோணமலையின் கதையோடு பிணைந்தது. மலைநாட்டு அரசுக்கு வெளியுலகின் வாயிலாய் அமைந்த துறைகளுள் இது தலையாயது. 1753இல் சீயத்திலிருந்து வந்த பௌத்த பிக்குகள் இறங்கியதும் இங்கேதான். 1762இல் சென்னை ஆங்கிலேயரின் தூதர் யோன் பைபஸ் இக்கரையில் இறங்கியே கண்டி சென்றார். கண்டிக்கும் ஆங்கிலேயருக்கும் இடையே தோன்றிய இத்தொடர்பு ஒல்லாந்தருக்கு அச்சம் ஊட்டிற்று. முன்னரே மூண்டிருந்த பகை முற்றியது. 1765 பெப்ரவரியில் தேசாதிபதி வான் எக்கின் படைகள் கண்டி நகருட் புகுந்து அரண்மனையைச் சூறையாடின. அக்கொள்ளையிலேதான் லெவுகேயின் பீரங்கியும் போயிற்று. அடுத்த ஆண்டு பெப்ரவரி 14ஆம் நாள் செய்யப்பட்ட உடன்படிக்கையால், தீவின் கரையோரம் முழுவதும் ஒல்லாந்தர் ஆட்சிக்கு உட்பட்டது. படைக்கலத்தை இழந்த அரசு, அதனினும் பெரிதாகிய துறைமுக உரிமையையும் இழந்தது.

பீரங்கி ஒல்லாந்து நாட்டின் ஆட்சித் தலைவர் ஐந்தாம் வில்லியத்தின் அரும்பொருட் சேகரத்தை அடைந்து, பின்னர் அம்ஸ்ரடாம் நகரின் ரைக்ஸ் நூதனசாலைக்கு உரியதாயிற்று. காண்போர் அதன் வேலைப்பாட்டை வியந்தனர். எனினும், வியப்பு வேறு, உரிமை வேறு அன்றோ? வெளிநாடுகளில் உள்ள இலங்கைத் தொல்பொருள்களை பி. எச். டி. எச். டி சில்வா 1975இல் நூலாகப் பட்டியலிட்டார். 1980இல் இலங்கை அரசு யுனெஸ்கோவின் வழியாக அப்பொருள்கள் சிலவற்றைத் திருப்பிக் கேட்டது. இருநாட்டு ஆய்வாளரும் பழைய ஆவணங்களைத் துருவி ஆராய்ந்து, அது போரிற் கவர்ந்த பொருளே என நிறுவினர். 2023 டிசம்பரில், 258 ஆண்டுகளின் பின்னர், அப்பீரங்கி கொழும்புத் தேசிய நூதனசாலைக்குத் திரும்பிற்று. இரண்டு வாள்களும் ஒரு கத்தியும் இரண்டு பெருந்துவக்குகளும் அதனுடன் வந்துசேர்ந்தன.

சேகரிப்பது என்றால் பொருளைக் கூட்டிவைப்பது மட்டுமன்று. அது எவர் செய்தது, எவருக்கு அளித்தது, எவ்வாறு கைமாறிற்று என்பவற்றையும் சேர்த்துக் காப்பதாகும். பொறித்த எழுத்தைத் தேய்த்து மெருகிட்டவன் பொருளைப் பளபளக்கச் செய்யலாம். ஆனால், அதன் சாட்சியத்தைக் கெடுத்தவனாவான். கொள்ளையிற் கிடைத்ததைக் கொள்ளை என்று எழுதிவைக்காத சேகரமும் அவ்வாறே.

திருகோணமலையின் கோட்டைகளுக்குச் செல்லும் நேயர்கள், ஆங்குள்ள பீரங்கிகளின் பருமனை மட்டும் நோக்கி மீளாது, அவற்றின் முத்திரைகளையும் எண்களையும் வாசிக்க முயல்வது நன்று. குழந்தைகளை உடன் அழைத்துச் செல்வோர், இது யாருடையது, இங்கு எப்படி வந்தது என்னும் இரு கேள்விகளையும் அவர்களுக்குக் கற்பித்தல் வேண்டும். அக்கேள்விகளை விடாது கேட்டதனாலேயே லெவுகேயின் பீரங்கி தாய்நாடு மீண்டது.