பார்பிக்யூ அடுப்பும் அமுச்சியோட கறிச்சட்டியும்

மக்களே, ரெண்டு மாசமா இந்தப் பக்கம் எட்டிப் பாக்காததுக்கு என் மச்சினன்தான் காரணம். டெக்சாஸ்ல ஒன்பது வருசம் குப்பை கொட்டிட்டு ஊருக்கே திரும்பிட்டான். நாமக்கல்ல இருந்து மோகனூர் போற ரோட்டுல, தோட்டத்தை ஒட்டி வீடு கட்டி குடியும் வந்தாச்சு. வந்த மறுவாரமே ஒரு பேப்பரை நீட்டி, "மாமா, பின்னாடி ஒரு பார்பிக்யூ கிச்சன் கட்டறேன், நீங்கதான் கூட நின்னு பாத்துக்கோணும்"ன்னான்.

பேப்பர்ல என்னென்னமோ இருந்துச்சு. கிரானைட் மேடை, கேஸ்ல எரியற கிரில், புகை போக்க எவர்சில்வர் கூண்டு, ஒரு குட்டி ஃப்ரிட்ஜ், பக்கத்துல பீட்சா அடுப்பு. "எதுக்கு மாப்ளே இவ்வளவு?"ன்னேன். "நம்மூர்ல வெளியில சமைக்கிற பழக்கமே இல்லியே மாமா, நாமதான் ஆரம்பிச்சு வெக்கோணும்"ன்னு சொன்னான் பாருங்க, அங்கதான் எனக்கு சுருக்குன்னுச்சு. இந்தப் பதிவு அவனுக்குச் சொன்ன பதில்தான்.

பார்பிக்யூங்கற வார்த்தை கரீபியன் தீவுகள்ல இருந்த தைனோ மக்களோட பேச்சுல இருந்து ஸ்பானிஷ்காரங்க எடுத்துட்டுப் போனது. குச்சி நட்டு, மேல குறுக்கா கழி அடுக்கி, அடியில தீ போட்டு கறியை வாட்டற பரண் அது. பரண் நமக்குப் புதுசா என்ன? அதை விடுங்க, கம்பியில கோத்து சுட்ட கறி பொருநராற்றுப்படையிலயே வருது. கரிகாலன் வீட்டு விருந்து. அருகம்புல் மேஞ்ச ஆட்டோட தொடைக்கறி வேக வெச்சது ஒரு பக்கம், இரும்புக் கம்பியில கோத்து சுட்டது இன்னொரு பக்கம். சூடு தாங்காம வாய்க்குள்ளயே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருட்டித் தின்னாங்களாம். ராத்திரி பகலா தின்னு தின்னு, கொல்லையை உழுத கொழு தேய்ஞ்ச மாதிரி பல்லு தேய்ஞ்சு போச்சுன்னு பொருநன் சொல்றான். டெக்சாஸ்காரன்கூட இவ்வளவு ஒத்துக்க மாட்டான் :-)

அது சோழ நாடு. நம்ம கொல்லிமலைக்கு வல்வில் ஓரி. இன்னிக்கும் வருசா வருசம் ஆடிப்பெருக்கை ஒட்டி செம்மேட்டுல அவனுக்கு அரசு விழா நடக்குது. புறநானூறு 152-ஆம் பாட்டுல வன்பரணர் அவனை நடுக்காட்டுல பாக்கறார். யாருன்னு தெரியாது. ஒரே அம்பு, யானை, புலி, மான், பன்னி, உடும்புன்னு வரிசையா துளைச்சுட்டுப் போகுது. அப்படிப்பட்ட ஆளு, தன் பேரைச் சொல்லிப் பாடினதும் வெக்கப்பட்டு நிக்கறான். அப்புறம் கொழுப்போட மான் கறியும், உருக்கின நெய் மாதிரி கள்ளும், கூடவே பொன்னும் மணியும் தர்றான். கவனிங்க, கறி அங்க சுட்டது இல்ல, வேக வெச்சது. ஆனா நடந்தது காட்டுல, அரண்மனை அடுக்களையில இல்ல.

இனிமே என் கதை. எங்க அமுச்சி சுத்த சைவம். அப்பாரு அப்படி இல்ல. ஒரே வீட்டுல ரெண்டு பேரும் அம்பது வருசம் எப்படிக் குடித்தனம் பண்ணாங்கன்னா, அதுக்கு ஒரே ஒரு மண் சட்டிதான் காரணம். அந்தக் கறிச்சட்டி வீட்டு வாசப்படி தாண்டி உள்ள வந்ததே கிடையாது. மாட்டுக்கட்டுத்தரைக்குப் பக்கத்துல, சாளைச் சுவத்தோட ஒட்டி கவுந்து கெடக்கும். அதுக்கு தனி அகப்பை, தனி அம்மி, மூணு கல்லு வெச்ச தனி அடுப்பு. கோழியைத் தீயில காட்டி பொசுங்கல் மயிரை எரிச்சு, மஞ்சள் தடவி திருப்பியும் வாட்டுவாரு அப்பாரு. அந்த வாசத்துக்கு நாங்க தெருவுல இருந்து ஓடி வருவோம். அமுச்சி வாசல்லயே நின்னு, "உப்புப் பாத்துப் போடுங்க"ன்னு குரல் மட்டும் குடுப்பாங்க. சாப்பிட்டுட்டு கை கால் கழுவித்தான் உள்ள போகோணும். புரட்டாசி மாசம் சட்டிக்கு முழு லீவு.

கொங்குப் பக்கத்துல இப்படி எத்தனையோ வீடுகள். அதனாலதான் சொல்றேன், வெளியில சமைக்கறது நமக்கு ஆசையில ஆரம்பிச்சது இல்லீங்க. கறியை உள்ள விடல, அது வெளிய போய் தனக்குன்னு ஒரு அடுப்படி போட்டுக்கிச்சு. பள்ளிபாளையம் சிக்கனையே எடுத்துக்குங்க. காவிரிக்கு இந்தக் கரை, நம்ம மாவட்டம்தான். வரமிளகாய், சின்ன வெங்காயம், தேங்காய்ச் சில்லு, எண்ணெய். முடிஞ்சது. மசாலா அரைக்கற வேலையே இல்ல. தோட்டத்துச் சாளையில ஆம்பளைங்க கிண்டறதுக்குன்னே அமைஞ்ச பக்குவம்னு எனக்குத் தோணும். ஆதாரம் கேக்காதீங்க, நாக்குதான் ஆதாரம்.

சட்டி சின்ன அளவு. பெரிய அளவுன்னா கோட்டை அடுப்பு. குலசாமிக்கு கிடா வெட்டு, காது குத்து, மோகனூர் நாவலடியான் கோயில் நேர்த்திக்கடன்னு எதுவா இருந்தாலும் சமையல்காரர் முதல்ல வந்து கேக்கறது ரெண்டே கேள்வி. எத்தனை கிடா? காத்து எந்தப் பக்கம்? அப்புறம்தான் கடப்பாறை எடுப்பாங்க. ஒண்ணரை அடி அகலம், முழங்கால் ஆழத்துக்கு பள்ளம், எத்தனை அண்டாவோ அத்தனைக்குத் தகுந்த நீளம். ரெண்டு கரையிலயும் செங்கல் அடுக்கி மேல அண்டா. குழிக்குள்ள எரியறதால தீ காத்துல அலையாது, சூடு பூரா அண்டா அடியிலதான். தீயைக் குறைக்கோணும்னா விறகை வெளிய இழுத்தா போச்சு. கடைசியில கங்கை மட்டும் பரத்தி விட்டு தம் போட்டுக்கலாம். மச்சினன் வாங்க நெனச்ச கிரில்ல ஆறு திருகு இருக்கு. இங்க திருகே இல்ல, ஒரு ஆளு கைதான்.

பந்தி முடிஞ்சதும் மண்ணைத் தள்ளி மூடிருவாங்க. அந்தக் கிச்சனுக்கு ஆயுசு ஒரே நாள். அரண்மனை அடுக்களைக்கு செவுரு மிச்சம் இருக்கும், இதுக்குக் கருகின மண்ணுதான் மிச்சம். மச்சினன் "நம்மூர்ல இல்லியே"ன்னு சொன்னதுல அவன் தப்பு பாதிதான்.

அந்த ஒரு நாளும் இல்லாமப் போன காலம் ஒண்ணு இருந்துச்சு. 1950-லயே சென்னை மாகாணத்துல கோயில்ல ஆடு கோழி பலி குடுக்கக் கூடாதுன்னு ஒரு சட்டம் போட்டு வெச்சிருந்தாங்க. ஊர்ல யாரும் அதைக் கண்டுக்கல. 2003 ஆகஸ்ட் கடைசியில முதலமைச்சர் ஜெயலலிதா அதைக் கறாரா அமல்படுத்தச் சொல்லி உத்தரவு போட்டாங்க. உயிர்களை நேசிக்கறவங்க வரவேத்தாங்க. கிராம தெய்வங்களோட பழக்கத்துல பெரிய கோயில் ஆசாரத்தைக் கொண்டு வந்து திணிக்கறாங்கன்னு இன்னொரு பக்கம் கடுமையான எதிர்ப்பு.

எங்க சொந்தத்துல அந்த ஐப்பசியில ஒரு காது குத்து வெச்சிருந்தோம். கிடா வாங்கிக் கட்டியாச்சு, பத்திரிகை அடிச்சாச்சு. பூசாரி கையை விரிச்சுட்டார். சட்டம் தடுத்தது கோயிலையும் அதைச் சேர்ந்த இடத்தையும் மட்டும்தான், கறி தின்னறதை இல்ல. "கடையில கறி எடுத்து மண்டபத்துல ஆக்கிப் போடலாமே"ன்னு ஒருத்தர் சொன்னார். அமுச்சிக்கு வந்துச்சே கோபம். வாழ்நாள்ல கறி தொடாத மனுசி! "சாமிக்குன்னு நேந்து விட்டதை கடையில வாங்குவீங்களாடா? நான் வீட்டுக்குள்ள வேண்டாம்னேன், சாமிகிட்ட வேண்டாம்னா சொன்னேன்?"ன்னு கேட்டாங்க. யாருகிட்டயும் பதில் இல்ல. காது குத்து தள்ளிப் போச்சு. கிடா பாட்டுக்கு வேப்பந்தழை தின்னு கொழுத்துச்சு. 2004 பிப்ரவரியில அவசரச் சட்டம் போட்டு அந்தத் தடைச் சட்டத்தையே நீக்கினாங்க. மாசியில கோட்டை அடுப்பு வெட்டினோம். கிடாவுக்கு நாலு மாசம் போனஸ்.

எனக்கு பலி மேல பெரிய பிடிப்பெல்லாம் கிடையாது. வெட்டற நேரத்துல நான் வேற பக்கம் போயிருவேன். ஆனா அன்னிக்கு அமுச்சி கேட்ட கேள்வி மட்டும் எனக்குள்ள இன்னும் நிக்குது.

பெருமை பேசிட்டேன், இடறலையும் சொல்லிரணும். ராசிபுரம் பக்கம் மலையாம்பட்டி பொங்களாயி அம்மன் கோயில் விருந்து கேள்விப்பட்டிருப்பீங்க. ஆம்பளைங்களே சமைச்சு ஆம்பளைங்களே சாப்பிடறது, பொண்ணுங்களுக்கு அனுமதி இல்ல. மத்த கிடா வெட்டுல அவ்வளவு கட்டு இல்லைன்னாலும், கரண்டி பிடிக்கறது ஆம்பளை, வெங்காயம் உரிக்கறதும் பாத்திரம் வெளக்கறதும் யாருன்னு உங்களுக்கே தெரியும். டெக்சாஸ்லயும் இதே கதைதானாம், மச்சினனே ஒத்துக்கிட்டான்.

சரி, கட்டுமானத்துக்கு வர்றேன். கேஸ் வேண்டாம், கரின்னு முடிவாச்சு. உடனே அவன் நெட்டுல 'மெஸ்கீட்' மரச் சில்லு தேட ஆரம்பிச்சான், டெக்சாஸ் பார்பிக்யூவுக்கு அந்தப் புகைதான் உசத்தியாம். நான் அவனை வரப்புக்குக் கூட்டிட்டுப் போய் சீமைக்கருவேலத்தைக் காட்டினேன். மெஸ்கீட்டுக்கு ஒண்ணு விட்ட தம்பி அது. அமெரிக்கக் கண்டத்துல இருந்து 19-ஆம் நூற்றாண்டுல விறகுக்காக இங்க கொண்டாந்தது. 2017-ல உயர் நீதிமன்றமே புடுங்கச் சொன்ன மரம், ராமநாதபுரம் பக்கம் இன்னிக்கும் மூட்டம் போட்டு கரியாக்கறது அதைத்தான். பையன் அரை மணி நேரம் வாயே திறக்கல.

கிரானைட்டையும் அடுப்புக்குள்ள இருந்து எடுக்க வெச்சேன். தீ நேரா பட்டா கருங்கல் பொரிஞ்சு சில்லு தெறிக்கும். உள்ள சூளைக்கல்லு, வெளிய சாதா செங்கல். கம்பி வலையை லாரி பாடி கட்டற பட்டறையில அடிச்சோம், நாமக்கல்ல அதுக்கா பஞ்சம்? துத்தநாகம் பூசின ஜி.ஐ. கம்பி மட்டும் வேண்டாம்னு சொல்லிட்டேன், சூட்டுல அந்தப் புகை ஆகாது. இடம் தென்கிழக்கு மூலை. வாஸ்து நம்பறேனோ இல்லியோ, ஆனி ஆடியில தென்மேற்குக் காத்து, மார்கழியில வடகிழக்கு வாடை. ரெண்டுலயும் புகை வீட்டைத் தொடாம ஓரமாப் போற மூலை அது. மேல எவர்சில்வர் கூண்டே தேவையில்லாமப் போச்சு. அடுப்பு முன்னாடி தரையில கோட்டை அடுப்புக்குன்னு ஆறடிக்கு மண்ணை அப்படியே விட்டாச்சு, சிமெண்ட் போடல.

எல்லாம் முடிஞ்சு மேஸ்திரி கணக்கு எழுதும்போது என் மாமியார் வந்து பாத்தாங்க. சுத்தி வந்துட்டு, "ஏம்ப்பா, பாத்திரம் எங்க வெளக்கறது?"ன்னாங்க. பிளான்ல அது இல்ல. மச்சினன் பேப்பர்லயும் இல்ல, என் வரலாத்துலயும் இல்ல. மறுநாள் தண்ணிக் குழாய் இழுத்து, இடுப்பு உயரத்துக்கு ரெண்டு பேர் நிக்கற மாதிரி ஒரு தொட்டி கட்டினோம். "இதுல நிக்கப் போறது நீயும் உங்க மாமாவும்தான்"ன்னு அவனுக்குக் கண்டிசன்.

சூளைக்கல்லு பூச்சு காய பத்து நாள் ஆகும்னு மேஸ்திரி சொல்லியிருக்கார். அதுக்குள்ள தீ போட்டா வெடிச்சிருமாம். முதல்ல வெறும் சுள்ளி போட்டு ரெண்டு நாள் சின்னத் தீ, அப்புறம்தான் கோழி. அமுச்சி இப்ப இல்ல. சட்டி இருக்கு. கழுவி, அந்தத் தொட்டிக்குப் பக்கத்துல கவுத்தி வெச்சிருக்கேன்.