பேத்தியின் 1430

போன வருடம் நியூ ஜெர்சியில் மகள் வீட்டில் ஆறு மாதம் இருந்துவிட்டு வந்தேன். பேத்தி அப்போது பன்னிரண்டாம் வகுப்பு. எஸ்.ஏ.டி. தேர்வில் 1600க்கு 1430 வாங்கியிருந்தாள். ஒரு நாள் ராத்திரி சாப்பிடும்போது, "தாத்தா, இந்த ஸ்கோரை காலேஜுக்கு அனுப்பணுமா, வேண்டாமா?" என்று கேட்டாள்.

எனக்குக் கேள்வியே புரியவில்லை. முப்பத்துநாலு வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவன் நான். மார்க்கை மறைத்துவிட்டு விண்ணப்பம் போடலாம் என்று எந்தக் காலேஜும் சொல்லிக் கேட்டதில்லை. மகள்தான் விளக்கினாள். 2020இல் கொரோனா வந்து தேர்வு மையங்களை மூடியபோது பெரும்பாலான பல்கலைக்கழகங்கள், விருப்பம் இருந்தால் அனுப்பு, இல்லாவிட்டால் வேண்டாம் என்று சொல்லிவிட்டன. பல இடங்களில் இன்னும் அப்படித்தானாம்.

இந்தத் தேர்வை உருவாக்கியவர் வேலை பார்த்த பிரின்ஸ்டன், மகள் வீட்டிலிருந்து அரை மணி நேரக் கார்ப் பயணம். எனக்கும் பொழுது போகவேண்டுமே. ஊர் நூலகத்தில் உட்கார்ந்து இதன் கதையைப் படிக்க ஆரம்பித்தேன்.

அமெரிக்காவில் ஒவ்வொரு கல்லூரியும் தனித்தனியாக நுழைவுத் தேர்வு வைத்துக்கொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. 1900இல் சில கல்லூரிகள் கூடி ஒரு பொதுத் தேர்வு வாரியம் அமைத்தன. 1901இல் முதல் தேர்வு. எல்லாம் விரிவாக எழுதும் விடைகள். லத்தீன், கிரேக்கம் எல்லாம் உண்டு. பணக்காரப் பிள்ளைகள் படித்த தனியார் பள்ளிகளுக்கு ஏற்ற தேர்வு அது. ஆனாலும் ஒரு நல்லது நடந்தது. புலம்பெயர்ந்து வந்த யூதக் குடும்பத்துப் பிள்ளைகள் விழுந்து விழுந்து படித்து, மார்க் வாங்கி, ஹார்வர்டுக்குள் நுழைந்தார்கள். 1922 வாக்கில் முதலாண்டு மாணவர்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல் யூதர்கள்.

அப்போதைய தலைவர் லோவெலுக்கு இது பிடிக்கவில்லை. இத்தனை சதவீதம்தான் என்று வரம்பு கட்டப் பார்த்தார். பேராசிரியர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. வரம்பு என்ற பேச்சை விட்டார்கள்; காரியத்தை விடவில்லை. அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயர் என்ன, உன் பெயரோ அப்பா பெயரோ பிறந்த பிறகு மாற்றப்பட்டதா என்று விண்ணப்பத்தில் கேட்டார்கள். 1926இல் புகைப்படம் கேட்டார்கள். நேர்காணல், நற்குணம், தலைமைப் பண்பு எல்லாம் மார்க்கோடு வந்து உட்கார்ந்தன. யூத மாணவர்களின் எண்ணிக்கை குறைந்துபோனது.

இதைப் படித்தபோது எனக்கு 1967 நினைவுக்கு வந்தது. பி.யு.சி. முடித்துவிட்டுத் தொழிற்கல்விக்கு விண்ணப்பம் போட்டிருந்தேன். அந்தக் காலத்தில் நேர்முகத் தேர்வுக்கும் மார்க் உண்டு. மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். அப்பா என்ன செய்கிறார் என்றார் ஒருவர். சைக்கிள் ரிப்பேர் கடை என்றேன். டென்னிஸ் ஆடுவாயா என்றார் இன்னொருவர். சடுகுடு ஆடுவேன் என்றேன். மூவரும் சிரித்தார்கள். இடம் கிடைக்கவில்லை. என்னைவிடக் குறைந்த மார்க் வாங்கிய வகுப்புத் தோழன் ஒருவனுக்குக் கிடைத்தது. அன்றிலிருந்து, மார்க் மட்டும்தான் நியாயம் என்பது எனக்கு வேத வாக்கு.

கதைக்கு வருகிறேன். எஸ்.ஏ.டி.யின் பிறப்பும் அதே 1926தான். ஜூன் 23 அன்று சுமார் 8,000 பேர் எழுதினார்கள். உருவாக்கியவர் கார்ல் பிரிகம். முதல் உலகப் போரில் சிப்பாய்களுக்கு வைத்த அறிவுத்திறன் சோதனையிலிருந்து பிறந்த தேர்வு இது. அந்தச் சோதனையின் மார்க்கை வைத்து, வட ஐரோப்பிய இனத்தார்தான் புத்திசாலிகள் என்று 1923இல் புத்தகமே எழுதியவர் பிரிகம். 1930இல் அந்த முடிவுக்கு அடிப்படையே இல்லை என்று தானே எழுதி விலக்கிக்கொண்டார். அதற்குள் தேர்வு தன் காலில் நடக்க ஆரம்பித்துவிட்டது.

1933இல் ஹார்வர்டுக்குத் தலைவராக வந்த ஜேம்ஸ் கோனன்ட் இந்தத் தேர்வை வேறு மாதிரிப் பார்த்தார். நாட்டின் உள்பகுதியிலிருந்து, வசதியில்லாத கெட்டிக்காரப் பையன்களைப் பொறுக்கியெடுக்க ஒரு உதவித்தொகை தொடங்கினார். தேர்ந்தெடுக்கும் கருவி எஸ்.ஏ.டி. அப்படி 1935இல் இலினாய்ஸிலிருந்து உதவித்தொகையில் வந்தவர் ஜேம்ஸ் டோபின். 1981இல் பொருளாதார நோபல் பரிசு அவருக்குத்தான்.

மேட்டுக்குடிக் கதவைத் திறக்க வந்த சாவி. ஆனால் சாவிக்கும் கள்ளச்சாவி செய்ய ஆள் வராமல் இருப்பார்களா? 1946இல் புரூக்ளினில் ஸ்டான்லி கப்லான் எஸ்.ஏ.டி.க்கு டியூஷன் எடுக்கத் தொடங்கினார். இது பிறவித் திறமையை அளக்கும் தேர்வு, பயிற்சியால் பயனில்லை என்று தேர்வு நடத்தியவர்கள் பல வருடம் சாதித்தார்கள். கப்லானின் மாணவர்களோ மார்க்கை ஏற்றிக்கொண்டு போனார்கள். பிற்பாடு தேர்வின் பெயரிலிருந்த 'திறமை' என்ற சொல்லையே எடுத்துவிட்டார்கள். இன்று எஸ்.ஏ.டி. வெறும் மூன்று எழுத்து. விரிவு எதுவும் கிடையாது.

இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். ஏனென்றால் இந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு.

நம் ஊரில் 1984இல் மருத்துவம், பொறியியலுக்கு நுழைவுத் தேர்வு வந்தது. பிளஸ் டூ மார்க்கை 200க்குச் சுருக்கி, நுழைவுத் தேர்வின் 100ஐச் சேர்த்து, மொத்தம் 300. நேர்முகத்தில் அடிபட்டவனுக்கு இது எவ்வளவு சந்தோஷம் தந்திருக்கும்! தொண்ணூறுகளில் என்னிடம் ஒரு பெண் படித்தாள். அப்பா, அம்மா இருவரும் வயல் வேலை. பிளஸ் டூவில் பள்ளியிலேயே முதல். டாக்டராக வேண்டும் என்று ஆசை. "சார், எல்லாரும் டவுனுக்குக் கோச்சிங் போறாங்க, நானும் போகணுமா?" என்று கேட்டாள். "அதெல்லாம் ஏமாற்று வேலைம்மா. பாடத்தை ஒழுங்காப் படி, போதும்" என்றேன். முழு நம்பிக்கையோடுதான் சொன்னேன்.

நுழைவுத் தேர்வில் அவளுக்கு நேரம் போதவில்லை. கொள்குறி வினாவை எந்த வேகத்தில் போடவேண்டும், எதை விட்டுத் தாண்டவேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. நானும்தான். சொற்பத்தில் இடம் போனது. இன்று அவள் ஒரு அரசுப் பள்ளியில் விலங்கியல் ஆசிரியை. தீபாவளிக்குத் தவறாமல் போன் செய்வாள். ஒரு நாளும் என்னைக் குறை சொன்னதில்லை.

அந்த நுழைவுத் தேர்வை 2007 சேர்க்கையிலிருந்து சட்டம் போட்டு எடுத்தார்கள். பத்து வருடத்தில் நீட் வந்தது. அது தனிக் கதை.

சரி, தேர்வை எடுத்துவிட்டால் ஏழைப் பிள்ளை பிழைத்துக்கொள்ளுமா? அமெரிக்காவில் அதையும் செய்து பார்த்தார்கள். டார்ட்மத் கல்லூரியின் ஆய்வில் ஒரு விஷயம் வெளிப்பட்டது. 1400 வாக்கில் வாங்கிய வசதியில்லாத பிள்ளைகள், இது போதாது என்று நினைத்து மார்க்கை மறைத்துவிட்டார்கள். அனுப்பியிருந்தால் அவர்கள் பின்னணியோடு சேர்த்துப் பார்த்து இடம் கொடுத்திருக்க வாய்ப்பு அதிகம். 2022இல் எம்.ஐ.டி.யும், 2024இல் டார்ட்மத்தும் ஹார்வர்டும் மறுபடி மார்க் வேண்டும் என்றன. கலிபோர்னியாப் பல்கலைக்கழகமோ மார்க்கைப் பார்ப்பதே இல்லை என்று நிற்கிறது.

தமிழ்ப் பெற்றோருக்கு டெல்லியில் பிறந்த ராஜ் செட்டி, ஹார்வர்டில் பொருளாதாரப் பேராசிரியர். அவரும் இருவரும் சேர்ந்து 2023இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். ஒரே மார்க் வாங்கிய இருவரில், உச்சி ஒரு சதவீதப் பணக்கார வீட்டுப் பிள்ளை அந்தப் பெரிய கல்லூரிகளில் சேர்ந்து படிக்கும் வாய்ப்பு நடுத்தர வீட்டுப் பிள்ளையைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். பழைய மாணவரின் பிள்ளை, விளையாட்டு வீரர், பல்துறை ஆர்வம் என்ற வழிகளில் உள்ளே போகிறார்கள். எனக்கு டென்னிஸ் கேள்விதான் ஞாபகம் வந்தது.

மார்க்கிலும் பணம் இருக்கிறது. மார்க்கை எடுத்துவிட்டால் அதைவிட அதிகமாகப் பணம் வந்து உட்காருகிறது. ஆகவே மார்க் வேண்டும். ஆனால் அது எந்த வீட்டில், எந்தப் பள்ளியில், யார் சொல்லிக்கொடுத்து வாங்கிய மார்க் என்பதையும் கூடவே படிக்கவேண்டும். இதைப் புரிந்துகொள்ள எனக்கு எழுபது வயதுக்கு மேல் ஆனது.

பேத்தியிடம் இதையெல்லாம் சொன்னேன். அவளுக்கு இரண்டு வருடம் கோச்சிங், வீட்டில் தனி அறை, படித்த அப்பா அம்மா. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்போ என் 1430ஐவிட, ஒண்ணுமே இல்லாத பொண்ணோட 1400 பெரிசுன்னு சொல்றீங்களா தாத்தா?" என்றாள்.

"ஆமாம்மா" என்றேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "சரி, அனுப்பறேன். பார்த்துக்கட்டும்" என்று எழுந்து போனாள். அன்று ராத்திரி, தீபாவளிக்குக் காத்திராமல், அந்த மாணவிக்கு நானே போன் செய்தேன். "நான் அன்னைக்கு உனக்குத் தப்பாச் சொல்லிட்டேன்மா" என்றேன். எதைச் சொல்கிறேன் என்று அவள் கேட்கவே இல்லை. "விடுங்க சார், சாப்டீங்களா?" என்றாள்.