கோளாறை விலைக்கு வாங்குறோம்: கன்சோல் ப்ளகின்களின் கதை

இன்னைக்கு எபிசோட் மிக்ஸிங் கன்சோல் பத்தி. பெரிய ஸ்டுடியோக்கள்ல, நூத்துக்கணக்கான குமிழ்களோட ஒரு நீளமான மேசை இருக்குமே, அதுதான். குரல், டிரம்ஸ், கிடார் எல்லாம் தனித்தனி சேனலா உள்ள வந்து, ஒரே பாட்டா வெளிய போற இடம். அந்த மேசையோட ஒலியை இப்போ ப்ளகின்ங்கிற சின்ன சாஃப்ட்வேரா லேப்டாப்லயே போட்டுக்கலாம். அதுக்குக் காசு கொடுக்கும்போது நாம உண்மையில எதை வாங்குறோம்?

இதுக்குப் பதில் தேட ஒரே ஒரு மனுஷரோட காதைப் பின்தொடர்ந்தா போதும்னு நினைக்கிறேன். ஜெஃப் எமெரிக். பீட்டில்ஸ் பாட்டுகளைப் பதிவு செஞ்ச சவுண்ட் இன்ஜினியர்.

1960-கள்ல லண்டன் இ.எம்.ஐ. ஸ்டுடியோவுல இருந்தது 'ரெட்' வரிசை கன்சோல்கள். இ.எம்.ஐ. தன்னோட ஆட்களை வச்சே வடிவமைச்சது. உள்ள எல்லாம் வால்வு. 1968 கடைசியில டிஜி12345 வந்துச்சு. இது டிரான்சிஸ்டர்ல ஓடுற கன்சோல். சேனல்கள் அதிகம், வசதிகளும் அதிகம். காகிதத்துல பாத்தா எல்லாமே முன்னேற்றம். 1969-ல் வந்த 'ஏபி ரோடு' ஆல்பத்தைப் பெரும்பாலும் இதுலதான் பதிவு பண்ணாங்க. ஆனா எமெரிக்குக்கு முதல்ல பிடிக்கல. டிரம்ஸ்ல பழைய அடி விழலன்னு அவருக்குத் தோணுச்சு. அந்த ஆல்பம் கொஞ்சம் மென்மையா ஒலிக்கிறதுக்கு இந்த மாற்றமும் ஒரு காரணம்னு பின்னாடி சொன்னாரு.

அடுத்த காட்சி 1970-களின் பிற்பகுதி. பீட்டில்ஸோட தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் நடத்துன ஏர் ஸ்டுடியோவுக்கு 48 சேனல் நீவ் கன்சோல் ஒண்ணு வந்து இறங்குது. ஸ்டுடியோக்காரங்க சோதிச்சுப் பாத்து சரின்னுட்டாங்க. எமெரிக் மட்டும் சில சேனல்கள் சரியில்லைன்னாரு. அந்த கன்சோலுக்குப் பேர் கொடுத்த ரூபர்ட் நீவே இந்தக் கதையைப் பல தடவை சொல்லியிருக்காரு. திரும்ப அளந்து பாத்தப்போ, அந்த சேனல்கள்ல டிரான்ஸ்ஃபார்மர் இணைப்பு தப்பா முடிஞ்சிருந்தது தெரிஞ்சுது. அதனால 54 கிலோஹெர்ட்ஸ்ல 3 டெசிபல் ஏற்றம். மனுஷக் காதோட எல்லை சுமார் 20 கிலோஹெர்ட்ஸ்தான்! எமெரிக் எதைக் கேட்டாருங்கிறது இன்னைக்கும் வாதம். ஆனா அவர் சொன்ன இடத்துல கோளாறு இருந்தது நிஜம். அதைச் சரிபண்ணாங்க.

இந்தக் கடைசி வரியை ஞாபகம் வச்சுக்கோங்க. சரிபண்ணாங்க.

ஏன்னா அந்தக் காலத்து இன்ஜினியர்களோட கனவே, உள்ள போறது அப்படியே வெளிய வரணும்ங்கிறதுதான். அது முழுசா நடக்கல. டிரான்ஸ்ஃபார்மர்ல இருக்கிற இரும்பு ஒரு அளவுக்கு மேல சிக்னலைத் தாங்காது. அலையோட உச்சி கொஞ்சம் மழுங்கும். அப்போ 100 ஹெர்ட்ஸ் போனா, கூடவே 200, 300-ன்னு புது ஸ்வரங்கள் ஒட்டிக்கிட்டு வரும். பக்கத்து சேனலோட ஒலியும் கொஞ்சம் கசியும். இதையெல்லாம் குறைக்கத்தான் அவங்க வருஷக்கணக்கா உழைச்சாங்க.

அந்தக் கனவை நிறைவேத்துனது கம்ப்யூட்டர். சாஃப்ட்வேர்ல ரெண்டு டிராக்கைக் கலக்குறதுன்னா வெறும் கூட்டல். ஏ கூட்டல் பி. இரும்பு இல்ல, கசிவு இல்ல. கேட்ட பல பேர் சொன்னது: "சுத்தமாத்தான் இருக்கு, ஆனா என்னமோ குறையுது."

அந்தக் குறையை நிரப்ப வந்ததுதான் கன்சோல் ப்ளகின்கள். செய்றதுக்குப் பொதுவா ரெண்டு வழி. ஒண்ணு, சர்க்யூட்டோட ஒவ்வொரு பாகத்தையும் சமன்பாடா எழுதித் தீர்க்கிறது. இன்னொண்ணு, கன்சோலுக்குள்ள சோதனை ஒலிகளை அனுப்பி, வெளிய வர்றதை அளந்து, அதே மாதிரி நடக்கிற கணக்கை உருவாக்குறது.

கோட் எழுதுறவனா எனக்குப் பிடிச்ச சிக்கல் ஒண்ணு இதுல இருக்கு. 44,100 சாம்பிள்ல ஓடுற சிஸ்டத்துக்கு 22,050 ஹெர்ட்ஸ்தான் மேல் எல்லை. 10,000 ஹெர்ட்ஸ் ஒலியை மழுங்கடிச்சா அதோட மூணு மடங்கு, 30,000 பிறக்கணும். அதுக்கு இடமில்லாததால மடங்கி 14,100-ல் வந்து விழும். மூல ஒலிக்குச் சம்பந்தமே இல்லாத ஸ்வரம்! எந்தப் பழைய கன்சோலும் இப்படிப் பண்ணாது. அதனால நல்ல ப்ளகின்கள் உள்ளுக்குள்ள சாம்பிள் வேகத்தை நாலு மடங்கு, எட்டு மடங்குன்னு ஏத்தி, கணக்கு போட்டு, மேல இருக்கிறதை வடிகட்டிட்டு இறக்கும். அதாவது பழைய தப்பை ஒழுங்கா நகலெடுக்க, புதுத் தப்பு வராம பாத்துக்கணும்.

இதோட உச்சம் பிரைன்வொர்க்ஸ் பண்ணது. ஒரே மதிப்பு போட்டிருக்கிற ரெண்டு ரெசிஸ்டர்கூட நிஜத்துல ஒண்ணா இருக்காது. அந்த வித்தியாசத்தையே கணக்குல எடுத்து, நீவ் கன்சோல் ஒண்ணோட ப்ளகின்ல 72 சேனலையும் கொஞ்சம் கொஞ்சம் வேற வேற மாதிரி ஒலிக்க வச்சாங்க. அது விளம்பரத்துல ஒரு சிறப்பம்சம்.

இப்போ ஏர் ஸ்டுடியோவை யோசிங்க. அங்க சில சேனல் வேற மாதிரி இருந்தா அது கோளாறு. இங்க 72-உம் வேற மாதிரி இருந்தா அது சரக்கு.

இதை ஏமாத்து வேலைன்னு நான் சொல்லல. ஒட்டிக்கிட்டு வர்ற அந்த ஸ்வரங்களை அளக்க முடியும், பல பாட்டுகளுக்கு அது நல்லாவும் இருக்கும். ரெட், டிஜி ரெண்டுமே இப்போ ப்ளகினா கிடைக்குது. எமெரிக்குக்கு இல்லாத வசதி, ஒரு கிளிக்குல மாத்தி மாத்திக் கேட்கலாம். ஆனா நமக்கு விக்கிறது பேரும் படமும். எமெரிக் பேரைக் கேட்கல, ஒலியைக் கேட்டாரு. புதுசு, சோதிச்சாச்சு, பெரிய பிராண்டு, எதுவும் அவர் காதை மாத்தல.

அதனால ஒரு வேலை தர்றேன். உங்க மிக்ஸ்ல ஒரு கன்சோல் ப்ளகின் போட்டா, முதல்ல ஒலி அளவைச் சமமாக்குங்க. சத்தம் கூடினாலே நல்லாருக்குன்னு காது நம்பிடும். அப்புறம் கண்ணை மூடிட்டு, நண்பரை ஆன், ஆஃப் பண்ணச் சொல்லுங்க. பத்துத் தடவை. எத்தனை தடவை சரியாச் சொன்னீங்க, எதை எடுத்தீங்கன்னு எழுதி அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல பேசுவோம்.