வெட்டவெளியில் நிற்கும் போர் விமானங்கள்: ஒரு வரலாற்றுக் குறிப்பு

தம்பானூரில் கடை வைத்திருக்கும் நம்மவர்களைக் கேட்டுப் பாருங்கள். இரும்பு ஷட்டருக்கு ஒழுங்காகப் பெயிண்ட் அடிக்காமல் விட்டால் இரண்டு மழைக்காலத்துக்குள் என்ன கதியாகும் என்று சொல்வார்கள். கடல் பக்கத்திலேயே இருக்கிறது. காற்றில் உப்பு, வருஷத்துக்கு இரண்டு பருவமழை. இந்த ஊரில் இரும்பு நிலைப்பதே பெரிய பாடு.

"இரும்புதானே துருப்பிடிக்கும், விமானம் அலுமினியம் ஆச்சே" என்று சிலர் நினைக்கலாம். அங்கேதான் விஷயம் இருக்கிறது. சமையலறை அலுமினியம் வேறு, விமான அலுமினியம் வேறு. பலம் வேண்டும் என்பதற்காக விமானத் தகட்டில் நூற்றுக்கு நாலு பங்கு அளவில் செம்பு கலப்பார்கள். பலம் வந்துவிடும், ஆனால் உப்பு ஈரத்தைத் தாங்கும் சக்தி குறைந்துவிடும். அரிப்பு உள்ளுக்குள்ளே ஊர்ந்து போய், தகடு பப்படம் மாதிரி அடுக்கடுக்காக உரிய ஆரம்பிக்கும். வெளியே வர்ணம் பளபளவென்று இருக்கும். உள்ளே ஒன்றும் இருக்காது.

இதை நான் சொல்வதற்குக் காரணம் லிபரேட்டர் என்ற விமானம். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா 18,000-க்கும் மேல் செய்து தள்ளிய நாலு எஞ்சின் குண்டுவீச்சு விமானம் அது. இறக்கையின் அகலம் 110 அடி. நம் பக்கத்திலும் அது ஓடியிருக்கிறது. சென்னை பரங்கிமலையிலிருந்து பிரிட்டிஷ் விமானப்படையின் 200-ம் ஸ்க்வாட்ரன் வங்காள விரிகுடாவில் நீர்மூழ்கிகளைத் தேடிப் பறந்தது இதில்தான். யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறையில் கொஞ்ச காலம் இருந்த 160-ம் ஸ்க்வாட்ரனும் லிபரேட்டர் படைதான். அது 1945-ல் இலங்கையிலிருந்து சிங்கப்பூர் வரை போய்க் கடற்கண்ணி போட்டுவிட்டு, வழியில் எங்கும் இறங்காமல் திரும்பி வந்தது. அந்தக் காலத்தில் அது லேசுப்பட்ட தூரமா!

போர் முடிந்ததும் இவற்றை வைத்துக்கொள்ள ஆளில்லை. அமெரிக்கா இரவலாகக் கொடுத்த சரக்கு என்பதால் திருப்பித் தர வேண்டும், அல்லது விலை கொடுக்க வேண்டும், இல்லையென்றால் உபயோகப்படாமல் ஆக்கிவிட வேண்டும். பிரிட்டிஷார் இந்தியாவிலிருந்த லிபரேட்டர்களைக் கான்பூரில் கொண்டுபோய்க் குவித்து, மறுபடி பறக்க முடியாதபடி சேதப்படுத்திவிட்டுப் போனார்கள்.

1948-ல் சுதந்திர இந்தியாவுக்குக் கனரகக் குண்டுவீச்சு விமானம் தேவைப்பட்டது. வாங்கப் பணம் எங்கே? பெங்களூர் எச்.ஏ.எல். ஆட்கள் கான்பூருக்குப் போனார்கள். குப்பையில் கிடந்தவற்றை ஒட்டுப் போட்டுத் தைத்து, எச்.ஏ.எல். சோதனை விமானி ஜம்ஷெட் முன்ஷி ஒவ்வொன்றாகப் பெங்களூருக்கு ஓட்டி வந்தார். அங்கே முழுசாகப் பழுது பார்த்து விமானப்படையிடம் கொடுத்தார்கள். இப்படிச் சுமார் நாற்பது விமானங்கள் உயிர் பெற்றன. அவற்றை நாம் 1968 வரை ஓட்டியிருக்கிறோம்! மற்ற நாடுகள் எப்போதோ காயலான் கடையில் எடைக்குப் போட்டுவிட்ட விமானம் இது. நம் சிக்கன புத்தியைக் கேலி செய்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கட்டும்.

1968-க்குப் பிறகு உலகத்து மியூசியங்களெல்லாம் நம் வாசலுக்கு வந்தன. கனடாவுக்கு ஒன்று. அமெரிக்காவின் அரிசோனாவில் உள்ள பிமா மியூசியத்துக்கு 1969-ல் ஒன்று. பிரிட்டிஷ் விமானப்படை மியூசியத்துக்கு 1974-ல் ஒன்று. தனியார் வாங்கிப் போன இன்னொன்று அமெரிக்காவில் புதுப்பிக்கப்பட்டு 1989-ல் திரும்பவும் பறந்தது. இன்று உலகத்தில் முழு உருவத்தோடு மிஞ்சியிருக்கும் லிபரேட்டர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அவற்றில் குறைந்தது ஆறு நம் விமானப்படையில் இருந்தவை.

வெளிநாட்டுக்குப் போனால் பத்திரம் என்று பொதுவாகச் சொல்லவும் முடியாது. அமெரிக்காவிலேயே கலிபோர்னியாவின் காசில் மியூசியத்திலும், லூசியானாவின் பார்க்ஸ்டேல் விமானத் தளத்திலும் லிபரேட்டர்கள் வெட்டவெளியில்தான் வைக்கப்பட்டன. 110 அடி இறக்கைக்குக் கூரை போடுவது சாதாரணச் செலவா? கலிபோர்னியாவின் வறண்ட காற்றில் தகடு தாங்கும்; வெயிலில் டயரும் கண்ணாடியும் வெடிக்கும், அவ்வளவுதான். லூசியானா அப்படியில்லை. அங்கே ஈரமும் புழுக்கமும் ஏறத்தாழ நம்ம ஊர் மாதிரி. நம் பங்குக்கு மிஞ்சிய ஒன்று தில்லி பாலம் மியூசியத்தில் இருக்கிறது. நான் பார்த்தபோது அதுவும் வெயிலில்தான் நின்றது.

லிபரேட்டரையாவது அமெரிக்கா செய்தது. மாருத் நாமே செய்தது. ஜெர்மானியர் கூர்ட் டாங்க் தலைமையில் பெங்களூரில் வடிவமைத்து, 1961 ஜூன் 17-ல் முதலில் பறந்தது. மொத்தமே 147 செய்தார்கள். 1971 போரில் ராஜஸ்தான் எல்லையில் சண்டை போட்ட விமானம். அதில் ஒன்று ஜெர்மனியில் ம்யூனிக் பக்கத்து ஷ்லைஸ்ஹைம் மியூசியத்துக்குப் போய்விட்டது. இங்கே புனே கமலா நேரு பூங்காவிலும், பெங்களூர் விஸ்வேஸ்வரய்யா மியூசியத்திலும், சென்னை கோட்டூர்புரத்தில் பெரியார் அறிவியல் மையத்திலும் வைத்திருக்கிறார்கள். விடுமுறைக்குச் சென்னை போகும் நம் பிள்ளைகள் அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். அந்த விமானம் இனிமேல் செய்யப்படப் போவதில்லை என்று அவர்களுக்கு யார் சொல்வது?

பிரிட்டனில் இதற்கு ஒரு வழி கண்டார்கள். விமானத் தளங்களின் வாசலில் அசல் ஸ்பிட்பயர்களைக் கம்பத்தின் மேல் நிறுத்தி, பல வருஷம் மழையில் நனைய விட்டிருந்தார்கள். 1980-களின் கடைசியில் அவற்றில் பலவற்றை இறக்கி உள்ளே கொண்டுபோய்விட்டு, வாசலில் பைபர் கிளாஸ் நகல்களை வைத்தார்கள். நமக்கு இது புதிதா என்ன? மூலவர் கருவறையை விட்டு நகர மாட்டார், வீதிக்கு வருகிறவர் உற்சவர். கோயிலில் கற்றதை மியூசியத்தில் மறந்துவிட்டோம் என்றுதான் எனக்குப் படுகிறது.

நகல் செய்யப் பணம் இல்லையென்றாலும், கூரை போட முடியாவிட்டாலும், செய்யக்கூடியது கொஞ்சம் உண்டு. விமானத்தின் வயிற்றுப் பகுதியில் தண்ணீர் வடியச் சின்னச் சின்னத் துளைகள் இருக்கும். காக்கையும் குளவியும் கூடு கட்டினால் அவை அடைத்துக்கொள்ளும். மழைத் தண்ணீர் உள்ளே தேங்கினால் அரிப்பு அங்கிருந்துதான் தொடங்கும். அப்புறம், பறவை எச்சத்தைக் கழுவ வேண்டும். கடல் பக்கம் என்றால் நல்ல தண்ணீரில் அடிக்கடி அலம்ப வேண்டும். டயரில் பாரம் விழாதபடி முட்டுக் கொடுக்க வேண்டும். இரும்பு ஆணியும் அலுமினியத் தகடும் ஈரத்தில் சேருகிற இடத்தை முதலில் பார்க்க வேண்டும். வர்ணம் அடிப்பது எல்லாவற்றுக்கும் கடைசி. நம் ஊர்களில் அதைத்தான் முதலில் செய்கிறார்கள், அதுவும் முக்கிய விருந்தாளி வருகிறார் என்றால்!

தும்பாவில் உலோகத்தோடு முப்பது வருஷம் மல்லுக்கட்டி ஓய்வு பெற்ற அன்பர்கள் நம் சங்கத்திலேயே இருக்கிறார்கள். நான் எழுதியதைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். அடுத்த தடவை பேரப்பிள்ளைகளோடு கோட்டூர்புரம் போனால், போட்டோ எடுத்த கையோடு மாருத்தின் அடியில் குனிந்து அந்தத் துளைகள் திறந்திருக்கின்றனவா என்று ஒரு பார்வை பார்த்து, அங்கே இருப்பவர்களிடம் சொல்லிவிட்டு வாருங்கள்.