ஓரகடம் தொழிற்பகுதியின் மதிப்பீட்டு ஆவணங்கள்: புல எண்வழித் தேடல்

செங்கற்பட்டுச் சீமையில் 1767 முதல் 1774 வரை தாமசு பர்னார்டு நடத்திய அளவாய்வு, நிலத்தையும் விளைவையும் பங்குகளையும் ஊர்வாரியாகப் பதிந்தது. அதற்கான ஓலைக்கணக்குகளில் ஊரே தேடலின் திறவுகோல். இன்றைய இணைய நில ஆவணங்களோ மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் என்னும் வரிசையில் திறக்கின்றன.

திருப்பெரும்புதூர்–ஓரகடம் பகுதியில் ஆலையொன்றின் சொத்து மதிப்பைத் தேடுவோர்க்குப் புல எண்ணே உறுதியான வழி. சிப்காட் மனைகள் 99 ஆண்டுக் குத்தகையில் வழங்கப்படுவதால், நிறுவனத்தின் பெயர் பட்டாவில் இடம்பெறாமற் போகலாம்.

கிடைக்கும் மதிப்புகளும் ஒருதன்மையன அல்ல. பதிவுத்துறையின் வழிகாட்டி மதிப்பு முத்திரைத் தீர்வைக்குரியது. 2017இல் அது மாநிலம் முழுவதும் 33 விழுக்காடு குறைக்கப்பட்டது. நிலம் மாறவில்லை, அரசாணையால் எண் மாறியது. ஊராட்சிகள் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி விதிக்கும் வீட்டுவரியோ கட்டடத்தைச் சார்ந்தது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டால், ஆலைகளால் ஊராட்சிகள் பெற்ற வருவாய் குறித்த முடிவுகள் பிழைபடும்.

ஆகவே, உட்பிரிவுக்கு முந்தைய புல எண்ணைப் பழைய நிலவரித்திட்டப் பதிவேட்டில் கண்டு, நஞ்சையோ புன்செய்யோ புறம்போக்கோ எப்போது தொழில்மனையாயிற்று என நிறுவிய பின்னரே மதிப்புகளை ஒப்பிடுதல் தகும்.